முட்டையின் மூச்சு

போடிநாயக்கனூர் வட்டத்தில், ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் உள்ள ஊர் சிலமலை. ஊரை அடுத்து வயலும் தோப்பும், மேற்கே உயர்ந்து நிற்கும் மலை, மலைமேல் ஏலத்தோட்டங்கள். இத்தகைய ஊர்களில் சிறுவிடை, பெருவிடை, அசில் என நாட்டுக்கோழிகளை வீட்டுக் கொல்லையில் வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். முன்பெல்லாம் குஞ்சு வேண்டுமானால் அடைக்கோழி வேண்டும். இன்றோ ஒரு தெர்மாகோல் பெட்டி, ஒரு குண்டு பல்பு, வெப்பத்தைச் சீராக வைக்கும் ஒரு சிறு கருவி, ஒரு கிண்ணம் தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பலர் செய்துகொள்கிறார்கள்.

இப்பெட்டியில் அடிக்கடி நேரும் ஒரு துயரம் உண்டு. இருபது நாட்கள் எல்லாம் நன்றாகவே நடக்கும். முட்டையை விளக்கொளியில் பார்த்தால் கரு வளர்ந்திருப்பது தெரியும். ஆனால் இருபத்தோராம் நாள் ஓடு உடைவதில்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு இறந்து கிடக்கும். வெப்பமானியோ முதல் நாளிலிருந்து சரியான அளவையே காட்டியிருக்கும். அப்படியானால் குஞ்சு ஏன் இறந்தது?

இந்த வினாவுக்கு விடை காண மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. செயற்கை முறையில் குஞ்சு பொரித்த வரலாறு, வெப்பத்தை அளக்கக் கற்றுக்கொண்டதில் தொடங்கி, ஈரத்தையும் காற்றையும் புரிந்துகொண்டதில் முடிகிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

அடைக்கோழி செய்யும் பணி

அடைக்கோழி முட்டைமேல் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது ஓயாது பணி செய்கிறது. அதன் அடிவயிற்றில் இறகுகள் உதிர்ந்து, குருதி ஓட்டம் மிகுந்த வெற்றுத் தோல் முட்டைமேல் நேராகப் படுகிறது. அலகாலும் காலாலும் முட்டைகளை அது அடிக்கடி புரட்டுகிறது. பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை எழுந்து இரை தேடப் போய்ச் சில நிமிடங்களில் திரும்புகிறது. அந்த நேரத்தில் கூட்டினுள் தேங்கிய காற்று வெளியேறிப் புதுக்காற்று புகுகிறது.

நம் பெண்கள் அடை வைக்கும் முறையிலும் அனுபவ அறிவு இருக்கிறது. கூடையில் மணலோ உமியோ தவிடோ பரப்பி, அதன்மேல் முட்டைகளை வைப்பார்கள். இடியோசை கருவைக் கெடுத்துவிடும் என்று எண்ணி இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுவது பல ஊர்களில் வழக்கம். இரும்பும் மிளகாயும் இடியைத் தடுக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் கூடையைக் காற்றுப் புகும் பின்னலாக வைத்ததும், அதை நிழலான தரையில் வைத்ததும் முட்டைக்கு நன்மையே செய்தன. மண்தரையின் மெல்லிய ஈரமும், பின்னலின் இடைவெளியில் நுழையும் காற்றும் யாரும் அளக்காமலே முட்டைக்குக் கிடைத்தன.

கோழியை நீக்கிவிட்டுப் பெட்டியை வைத்த நாளில், கோழி செய்த பணிகள் அனைத்தையும் மனிதனே ஏற்கவேண்டியதாயிற்று.

எகிப்தின் முட்டை அடுப்புகள்

உலகில் மிகப் பழமையான செயற்கைப் பொரிப்பகங்களைக் கொண்ட நாடுகளில் எகிப்து முதன்மையானது. எகிப்தியர் எருக்குவியலில் முட்டைகளைப் புதைத்துக் குஞ்சு பொரிப்பதைக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் குறிப்பிட்டார். பிற்காலத்தில் அவர்கள் பச்சைச் செங்கல்லால் பெரிய அடுப்புக் கட்டடங்களை எழுப்பினர். நடுவில் ஒரு நடைபாதை. அதன் இருபுறமும் வரிசையாக இரண்டு தட்டு அறைகள். கீழ்த்தட்டில் முட்டைகள் பரப்பப்பட்டிருக்கும். மேல்தட்டில் சாணமும் வைக்கோலும் கலந்த வறட்டியை எரிப்பார்கள். கூரையிலும் தட்டுகளுக்கு இடையிலும் துளைகள் உண்டு. அவற்றைத் திறந்தும் மூடியும் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவார்கள்.

அவர்களிடம் வெப்பமானி கிடையாது. ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமைமேல் வைத்துப் பார்ப்பார்கள். இமையின் மெல்லிய தோலே அவர்களுக்கு வெப்பமானி. நாட்களில் ஏறக்குறையப் பாதி கழிந்ததும் நெருப்பை நிறுத்திவிடுவார்கள். அதன்பின் வளரும் கருக்கள் தாமே வெளியிடும் வெப்பம் போதுமானதாக இருந்தது.

ஈரத்துக்கு அவர்கள் என்ன செய்தார்கள்? இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 60 கிராம் எடையுள்ள ஒரு முட்டை 21 நாட்களில் ஏறத்தாழ 9 கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகிறது. அதாவது நாள் ஒன்றுக்குச் சராசரியாக 0.4 கிராமுக்குச் சற்று மேல். ஆயிரம் முட்டைகள் உள்ள அறையில் நாள்தோறும் 400 கிராமுக்கு மேற்பட்ட நீர் ஆவியாகும். ஆயிரக்கணக்கில் முட்டைகளை அடுக்கிய எகிப்தியரின் அறைகளில் முட்டைகளே ஒருவருக்கொருவர் ஈரம் ஊட்டிக்கொண்டன எனலாம். நம் வீட்டுப் பெட்டியில் இருபது முட்டைகள் இருந்தால் அவை வெளிவிடும் நீர் நாளுக்கு 8 அல்லது 9 கிராம்தான். அது துளைகள் வழியே உடனே போய்விடும். பெரிய பொரிப்பகத்தில் ஈரத்தை வெளியேற்றுவது ஒரு வேலை. சிறிய பெட்டியில் ஈரத்தைச் சேர்ப்பது ஒரு வேலை. பெரிய இடத்தில் செய்வதை அப்படியே சிறிய பெட்டியில் செய்வோர் தோல்வி அடைவதற்கு இதுவே ஒரு காரணம்.

ரோமூரின் பீப்பாய்

எகிப்தியரின் கலையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவர முயன்றவர்களுள் முக்கியமானவர் பிரெஞ்சு அறிஞர் ரோமூர். 80 பிரிவுகள் கொண்ட வெப்பமானியால் அவர் பெயர் நிலைத்தது. நைல் கழிமுகத்தில் உள்ள பெர்மே என்னும் ஊரார் முட்டை அடுப்புத் தொழிலில் பேர் பெற்றிருந்ததை அவர் எழுதினார். 1749இல் பறவைக் குஞ்சுகளை எந்தப் பருவத்திலும் பொரிக்கவைக்கும் கலை பற்றி ஒரு நூலை வெளியிட்டார்.

எரிபொருள் விலை கூடிய பிரான்சில் நெருப்புக்குப் பதிலாகப் புளிக்கும் குதிரைச் சாணத்தின் வெப்பத்தைப் பயன்படுத்த அவர் எண்ணினார். சாணம் நொதிக்கும்போது தரும் வெப்பம் முட்டைக்குப் போதுமானதே. ஆனால் முதல் முயற்சிகளில் கருக்கள் இறந்தன. சாணத்திலிருந்து எழும் ஈர ஆவிதான் அவற்றைக் கெடுக்கிறது என்று அவர் கண்டார். ஆகவே மரப் பீப்பாய் ஒன்றைச் சாணக் குவியலில் நிறுத்தி, பீப்பாயின் உட்புறம் அந்த ஆவி புகாதபடி செய்து, முட்டைக் கூடைகளை உள்ளே தொங்கவிட்டார். மூடியில் துளைகள் இட்டு அடைப்பான்கள் வைத்தார். வெப்பம் கூடினால் அடைப்பானை எடுப்பார், குறைந்தால் செருகுவார்.

ரோமூரின் அனுபவத்தில் இருந்து இரண்டு பாடங்கள் கிடைத்தன. வெப்பம் சரியாக இருந்தும் கரு இறக்கலாம் என்பது ஒன்று. வெப்பத்தைச் சரிசெய்யத் திறக்கும் துளையே காற்றையும் ஈரத்தையும் மாற்றிவிடுகிறது என்பது மற்றொன்று. ஒரே துளையைக் கொண்டு மூன்றையும் ஆளவேண்டிய இந்தச் சிக்கலிலிருந்து விடுபடுவதே அடுத்த நூற்றாண்டுகளின் வேலையாக இருந்தது.

விளக்கிலிருந்து விசிறிக்கு

வெப்பத்தைத் தானாகச் சீராக்கும் கருவியைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொர்னேலிஸ் டிரெபெல் என்னும் டச்சுக்காரர் செய்துகாட்டினார். எனினும் வீட்டில் நம்பி வைக்கத்தக்க பொறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தன. 1879இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பெடலூமா என்னும் ஊரில் லைமன் பைஸ் ஒரு பொறியை அமைத்தார். 1881இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன் ஒரு பொறியை வெளியிட்டார். எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த சிறு உலோகச் சிமிழ் ஒன்று அதில் இருந்தது. வெப்பம் கூடினால் சிமிழ் உப்பும். அது ஒரு நெம்புகோலைத் தள்ளி விளக்கின் வெப்பத்தைத் திருப்பிவிடும். இதனால் வெப்பத்துக்காகத் துளையைத் திறந்து மூடும் தேவை ஒழிந்தது. துளைகள் காற்றுக்கே உரியவை ஆயின. ஈரத்துக்குத் தனியே நீர்த்தட்டு வைக்கப்பட்டது.

இந்தப் பொறிகளில் முட்டைகள் ஒரே அடுக்கில் இருந்தன. காற்று தானாக மெல்ல மேலெழும். பல அடுக்குகள் வைத்தால் மேலடுக்கு சூடாகவும் கீழடுக்கு குளிர்ந்தும் போகும். இதை மாற்றியவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஸ்மித். பல வயதுள்ள முட்டைகளை ஒரே அறையில் வைத்து, விசையால் காற்றைச் சுழலவிட்டார். வயது முதிர்ந்த கருக்கள் வெளியிடும் மிகை வெப்பத்தைக் காற்று எடுத்துச் சென்று இளம் முட்டைகளுக்குக் கொடுத்தது. 1918இல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. அதைப் பற்றிய வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 1935இல் அவருக்குச் சாதகமாக முடிந்தன.

முதிய முட்டை இளைய முட்டைக்குச் சூடு கொடுக்கும் இந்த முறை கீழை நாடுகளுக்குப் புதிதன்று. வங்காளத்திலும் வியட்நாமிலும் வாத்து முட்டைகளைச் சூடாக்கிய உமியோடு சேர்த்து அடுக்கி, பின்னர் பழைய முட்டைகளின் வெப்பத்திலேயே புதியவற்றை வளர்ப்பது நாட்டுமுறை. ஸ்மித் புதிதாகச் சேர்த்தது சுழலும் காற்றே.

பெரும் பொறிகள் பரவியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மிகுதியாக முட்டை இடும் வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் அடை உட்காரும் இயல்பைத் தேர்வு முறையால் ஏறக்குறைய நீக்கிவிட்டார்கள். அடை உட்காராத கோழிக்குப் பொறி இன்றி வம்சம் இல்லை. 1971இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனம் தொடங்கியதும், பின்னர் நாமக்கல் வட்டாரம் முட்டைக்குப் பெயர் பெற்றதும் இந்த மாற்றத்தின் தொடர்ச்சியே. நாட்டுக்கோழி மட்டும் அடை உட்காரும் இயல்பை இன்றும் இழக்கவில்லை.

ஓட்டின் வழியே நடக்கும் பரிமாற்றம்

பொறிகள் பெருகிய பின்னும், ஈரமும் காற்றும் முட்டைக்குள் என்ன செய்கின்றன என்பது தெளிவாக விளங்கவில்லை. அதை அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவில் பஃபலோ நகரில் பணியாற்றிய ஹெர்மன் ரானும், அவருடன் உழைத்த அமோஸ் ஆர், சார்லஸ் பகனெல்லி ஆகியோரும் ஆவர். 1979இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை பறவை முட்டை மூச்சுவிடும் முறையை உலகறியச் செய்தது.

கோழி முட்டையின் ஓட்டில் ஏறத்தாழப் பத்தாயிரம் நுண்துளைகள் உள்ளன. கருவுக்கு நுரையீரல் இயங்காத காலத்தில் இத்துளைகளே அதன் மூக்கு. 60 கிராம் எடையுள்ள முட்டை 21 நாட்களில் சுமார் 6 லிட்டர் பிராணவாயுவை உட்கொள்கிறது, 4.5 லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளிவிடுகிறது. இவை அனைத்தும் அதே துளைகள் வழியேதான் நடக்கின்றன. பிராணவாயு வருவதற்குத் திறந்திருக்கும் கதவு, நீர் போவதற்கும் திறந்தே இருக்கிறது. ஆகவே முட்டை மூச்சுவிட வேண்டுமானால் நீரை இழந்தே தீரவேண்டும்.

இந்த இழப்பு கேடு அன்று; தேவையானது. முட்டையின் மழுங்கிய முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. நீர் குறையக் குறைய அந்த அறை பெரிதாகிறது. பத்தொன்பதாம் அல்லது இருபதாம் நாளில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் அலகை நீட்டுகிறது. அங்கேதான் அதன் முதல் மூச்சு. அந்தக் காற்றைச் சுவாசித்து வலுப் பெற்ற பின்னரே ஓட்டைக் குத்துகிறது.

ஈரப்பதம் மிகையானால் நீர் போதுமான அளவு வெளியேறாது. காற்றறை சிறுத்துவிடும். குஞ்சு வீங்கி, திரும்ப இடமின்றி, அலகை நீட்டும்போது திரவத்தில் மூழ்கி இறக்கும். ஈரப்பதம் குறைந்தால் நீர் மிகையாக வெளியேறும். குஞ்சு சிறுத்து வலுவிழக்கும்; பொரிக்கும் நேரத்தில் சவ்வு உலர்ந்து தோல்போல அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் முடிவு ஒன்றே: இருபத்தோராம் நாளில் ஓட்டுக்குள் இறந்த குஞ்சு. ஆனால் காரணங்கள் நேர் எதிரானவை. காரணம் அறியாமல் அடுத்த முறை நீரைக் கூட்டினாலோ குறைத்தாலோ கேடு இரட்டிப்பாகலாம்.

பொதுவாக, விசிறி வைத்த பெட்டியில் வெப்பம் 37.5 முதல் 37.8 செல்சியஸ் வரையும், முதல் 18 நாட்களுக்கு ஒப்பு ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் வரையும், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 75 சதவீதம் வரையும் இருப்பது நல்லது.

ஏல ஸ்டோர் தரும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள ஏலமலைப் பகுதி மக்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பறித்த பச்சை ஏலக்காயில் முக்கால் பங்கு அளவுக்கு நீர் உண்டு. அதை ஏறத்தாழப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவர, ஏல ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் அறையில் பரப்பி, விறகு அடுப்பின் சூட்டைக் குழாய்கள் வழியே செலுத்துகிறார்கள். அறை சூடாகிக் காய் வியர்க்கத் தொடங்கியதும் காற்றுத் துளைகளைத் திறந்துவிடுவார்கள். திறக்காவிட்டால் ஆவி அறையிலேயே தேங்கும். எவ்வளவு விறகு எரித்தாலும் காய் காயாது, நிறமும் கெடும். வெளியில் மழையும் மூடுபனியும் இருந்தாலும், உள்ளே புகுந்து சூடாகும் காற்று உலர்ந்த காற்றாகி நீரை வாங்கிக்கொண்டு போகும் என்பதை ஸ்டோரில் வேலை செய்வோர் நன்கறிவர்.

முட்டைப் பெட்டியிலும் இதே விதிதான். ஒரு கன மீட்டர் காற்று 20 செல்சியஸில் அதிக அளவாகச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 37.5 செல்சியஸில் சுமார் 45 கிராம் தாங்கும். மலைமேல் 20 செல்சியஸில், மூடுபனியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றைப் பெட்டிக்குள் விட்டுச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 36 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். நனைந்த துணி காயாத மலைக்காற்றே பெட்டிக்குள் வறண்ட காற்றாகிறது! அடிவாரத்தில் ஐப்பசி மழைநாளில் காற்று 26 செல்சியஸிலும் 90 சதவீத ஈரத்திலும் இருந்தால், பெட்டிக்குள் அது 47 சதவீத அளவில் நிற்கும். அதே அடிவாரத்தில் கோடை நண்பகலில் 36 செல்சியஸ் வெப்பமும் 35 சதவீத ஈரமும் உள்ள காற்று, பெட்டிக்குள் 32 சதவீதம் ஆகும். ஆடி மாதக் காற்று வீசும் நாட்களில் துளைகள் வழியே காற்று மிகுதியாகப் புகுவதால் நீர்த்தட்டு விரைவில் வற்றும். ஆகவே எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவு நீர் என்பது பொருந்தாது.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. காற்றழுத்தம் குறையக் குறைய வாயுக்கள் நுண்துளைகள் வழியே விரைந்து விரவும். 1977இல் ரானும் அவர் குழுவினரும் மலை உயரங்களில் கூடு கட்டும் சில பறவைகளின் ஓடுகளில் நுண்துளைப் பரப்பு குறைந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். நீர் இழப்பைக் கட்டுப்படுத்த இயற்கை செய்த ஏற்பாடு அது. சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டில், அடிவாரத்தைவிட முட்டை நீரை இழக்கும் வேகம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். அடிவாரத்துக் கோழியின் முட்டையை மேலே கொண்டுபோய்ப் பெட்டியில் வைப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். உயரத்தில் பிராணவாயுவும் அடர்த்தி குறைந்தே இருக்கும் என்பதால், அங்கே துளையைச் சுருக்குவதும் தகாது.

கடைசி மூன்று நாட்கள்

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது வருவோம். கடைசி மூன்று நாட்களில் ஈரப்பதத்தை உயர்த்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குச் சுலபமான வழியாகப் பெட்டியின் துளைகளை அடைத்துவிடுகிறார்கள். ஈரப்பதமானி உடனே 70, 75 என்று ஏறும். பார்ப்பவர்க்கு மனநிறைவு. உள்ளே நடப்பது வேறு.

பொரிக்கும் நாளை நெருங்கிய ஒரு கரு நாளுக்கு ஏறக்குறைய 600 மில்லி லிட்டர் பிராணவாயுவை உட்கொள்கிறது. இருபது முட்டைகள் இருந்தால் நாளுக்கு 12 லிட்டர். 30 லிட்டர் காற்று கொள்ளும் பெட்டி ஒன்றில் இருக்கும் பிராணவாயு மொத்தமே 6 லிட்டர்தான். கரியமில வாயுவின் கணக்கு இதைவிடக் கடுமை. அந்த இருபது முட்டைகளும் மணிக்குச் சுமார் மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல் கரியமில வாயுவை வெளிவிடும். துளைகள் முற்றிலும் அடைபட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அதன் அளவு ஒரு சதவீதத்தை எட்டிவிடும். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதமே. அரை சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் பொரிக்கும் திறன் குறையும். ஐந்து சதவீதத்தில் ஒன்றும் தப்பாது.

முதல் வாரத்தில் ஒரு முட்டைக்குக் காற்று மிகச் சிறிதளவே தேவை. அந்தப் பருவத்தில் துளைகளைச் சுருக்கி வைத்தவர்க்கு எதுவும் நேர்ந்திருக்காது. அதே பழக்கத்தை இருபதாம் நாளிலும் தொடர்வதுதான் ஆபத்து. ஈரம் மிகவும் தேவைப்படும் நாளும் காற்று மிகவும் தேவைப்படும் நாளும் ஒன்றே. இதனால்தான் வெப்பமானி சரியாக இருந்தும் குஞ்சு இறக்கிறது.

எனவே வீட்டில் குஞ்சு பொரிப்போர் மனத்தில் வைக்கவேண்டிய விதி ஒன்று உண்டு: காற்றை அடைத்து ஈரத்தைப் பெறக்கூடாது, நீரின் பரப்பைக் கூட்டி ஈரத்தைப் பெறவேண்டும். இங்கே பரப்பு என்பது ஆழம் அன்று. ஆழமான டம்ளரில் நிறைந்த நீரைவிட, அகன்ற தட்டில் விரல் கனத்துக்கு நிற்கும் நீர் பன்மடங்கு ஆவி தரும். தட்டில் ஒரு பருத்தித் துணியின் முனையை நனையவிட்டு மறுமுனையை உயர்த்திக் கட்டினால் பரப்பு இன்னும் கூடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

பெட்டியின் அடிப்பக்கத்தில் சில துளைகளும் மேல்பக்கத்தில் சில துளைகளும் வேண்டும். சூடான காற்று மேலே போகும்போது கீழே புதுக்காற்று புகும். எல்லாத் துளைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் இந்த ஓட்டம் நடக்காது. பதினெட்டாம் நாளுக்குப் பின் மேல்துளைகளை முன்பைவிடக் கூடுதலாகத் திறந்து, அதனால் குறையும் ஈரத்தை நீர்ப்பரப்பால் ஈடுசெய்ய வேண்டும். அந்நாளிலிருந்து முட்டைகளைப் புரட்ட வேண்டியதில்லை. மூடியையும் அடிக்கடி திறக்கலாகாது.

மலிவான ஈரப்பதமானிகள் பத்து சதவீதம்கூடப் பிழை காட்டலாம். அதைச் சோதிக்க எளிய முறை உண்டு. ஒரு சிறு மூடியில் சமையல் உப்பை எடுத்து, சில சொட்டு நீர்விட்டுக் குழம்பாக்கி, ஈரப்பதமானியோடு ஒரு கண்ணாடிச் சீசாவில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு வைக்கவேண்டும். உப்பும் நீரும் சேர்ந்த அந்தக் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்பது இயற்கை விதி. கருவி 68 காட்டினால் அது 7 குறைவாகக் காட்டுகிறது என்று அறியலாம்.

ஈரப்பதமானியே இல்லாதவர் இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு அறியலாம். ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றி, விசிறிக் காற்று படும்படி வைக்கவேண்டும். உலர்ந்த வெப்பமானி 37.7 காட்டும்போது ஈர வெப்பமானி 29 முதல் 30 வரை காட்டினால் முதல் 18 நாட்களுக்குப் போதும். கடைசி நாட்களில் அது 32 முதல் 33 வரை உயரவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது தராசு. கருவி பொய் சொன்னாலும் எடை பொய் சொல்லாது. 45 கிராம் எடையுள்ள இருபது நாட்டுக்கோழி முட்டைகளைத் தொடக்கத்தில் மொத்தமாக நிறுத்தால் 900 கிராம் இருக்கும். பதினெட்டாம் நாளுக்குள் அதில் 11 முதல் 13 சதவீதம் வரை குறையவேண்டும். ஆறாம் நாள் சுமார் 864, பன்னிரண்டாம் நாள் 828, பதினெட்டாம் நாள் 792 கிராம் என்பது நல்ல அடையாளம். எடை இதைவிட வேகமாகக் குறைந்தால் நீர்ப்பரப்பைக் கூட்டவேண்டும். மெதுவாகக் குறைந்தால் நீர்ப்பரப்பைச் சுருக்கவேண்டும். கூமுட்டைகளை இடையில் நீக்கினால் அவற்றின் தொடக்க எடையைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வது அவசியம்.

மின்சாரம் தடைப்படும்போது பெட்டியைக் கம்பளியால் போர்த்துவது உண்டு. வெப்பம் காக்க அது நல்லதே; ஆனால் துளைகளை மூடிவிடக் கூடாது. கரு சில மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்கும், மூச்சின்மையைத் தாங்காது. மண்ணெண்ணெய் விளக்கைப் பயன்படுத்துவோர் சுடரைப் பெட்டிக்கு வெளியே வைத்து, அதன் வெப்பம் மட்டும் உள்ளே செல்லுமாறு அமைக்கவேண்டும். சுடர் தானும் பிராணவாயுவைத் தின்று புகையைக் கொடுக்கும்.

மலைச்சரிவில் வாழ்வோர் ஒன்றை மறக்கலாகாது. சாம்பல் நிறக் காட்டுக்கோழியோ மயிலோ இட்ட முட்டைகளைக் காட்டிலிருந்து எடுத்துவந்து பொரிக்க முயல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அவற்றின் அடையைக் காடே பார்த்துக்கொள்ளும்.

கானமயில் வரை

வீட்டுப் பெட்டியில் கற்கும் இந்தப் பாடம் சிறியதன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட புல்வெளிகளிலும் திரிந்த கானமயில் என்னும் பெரும்பறவை இங்கே மறைந்துபோயிற்று. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை ராஜஸ்தானின் பாலைப்பகுதியில் உள்ளன. அந்த இனத்தைக் காக்க இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019இல் ஜெய்சால்மர் மாவட்டத்தில் காட்டு முட்டைகளை எடுத்துப் பொறியில் வைத்துக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. பெண் பறவை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் இனம் அது. அங்கே ஒரு முட்டை கெடுவது பேரிழப்பு. அரிய பறவைகளைப் பொரிக்கும் இடங்களில் எல்லாம் முட்டைகளை முறையாக நிறுத்து, எடை குறையும் வேகத்தைப் பார்த்தே ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் வருகிறார்கள். சிலமலையில் இருபது முட்டைகளைச் சமையலறைத் தராசில் நிறுக்கும் மாணவனும் அதே அறிவியலைத்தான் கையாள்கிறான்.

எகிப்தியன் கண்ணிமையால் வெப்பத்தை அறிந்தான். ரோமூர் பீப்பாயில் ஆவியின் கேட்டைக் கண்டார். ஹியர்சன் வெப்பத்தையும் காற்றையும் தனித்தனியே ஆள வழி செய்தார். ரான் முட்டையின் மூச்சை லிட்டர் கணக்கில் அளந்தார். பெட்டிக்குள் இருப்பது சூடேற்ற வேண்டிய ஒரு பொருள் அன்று. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஓர் உயிர். துளையை அடைக்கக் கை நீளும்போது இதை நினைத்துக்கொண்டால், இருபத்தோராம் நாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகளின் குரலைக் கேட்கலாம்.